மார்க்கெட்டுக்குப் போகாமலிருக்க ஒரு மகத்தான திட்டம்

அன்பரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நெஞ்சில் கைவைத்து விடை சொல்லுங்கள். நேற்று நீங்கள் உண்ட உணவைத் தேர்ந்தெடுத்தது யார்? உங்கள் அறிவா? உங்கள் நாக்கா? அல்லது, செருப்பு மாட்டாமல் இறங்கிப்போகும் தூரத்தில் எது விற்றதோ, அதுவே உங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதா?

அவசரப்பட வேண்டாம். இந்தக் கேள்விக்கு நான் வெகுகாலம் தவறான விடையையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னேன்.

நகரச் சுகாதார அலுவலகத்தில் நான் உணவு விழிப்புணர்வுப் பேச்சாளன். பள்ளி, தொழிற்சாலை, சமூகக்கூடம் என்று எங்கே அனுப்பினாலும் சென்று, மக்கள் எதை உண்ண வேண்டும், எதை விலக்க வேண்டும் என்று எடுத்துரைப்பது என் தொழில். தொழிலுக்கு ஒரு கருவியும் உண்டு. அது ஒரு தகரப்பெட்டி. அதனுள்ளே பிளாஸ்டரில் வார்த்துச் சாயம் பூசிய கேரட், தக்காளி, பீன்ஸ், கீரைக்கட்டு, சுரைக்காய், பாதியாய் வெட்டிய பப்பாளி ஆகியவை பஞ்சுமெத்தையில் படுத்திருக்கும். நிஜக் காய்கள் நேரில் வந்தால் நாணித் தலைகுனியும் வண்ணம் அப்படியொரு பளபளப்பு. அவை வாடுவதில்லை, அழுகுவதில்லை. வாரம் ஒருமுறை தூசி தட்டினால் போதும்.

என் மனைவி பேருந்து டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எப்போது புறப்படுவது, எந்த ஓட்டுநர் எந்தத் தடத்தில் போவது என்பதையெல்லாம் தீர்மானிப்பவள் அவளே. மீசையை முறுக்கிக்கொண்டு வரும் ஓட்டுநர்கள்கூட அவள் சன்னலுக்கு முன்னால் வந்ததும் மீசையை நேராக்கிக்கொள்வார்கள் என்று கேள்வி. வெளியில் அவள் பொறுப்பில் எத்தனையோ வண்டிகள். வீட்டில் ஒரே ஒரு வண்டி. அது நான். ஹாரன் என்னுடையது, ஸ்டியரிங் அவளுடையது.

நாங்கள் குடியிருப்பது நகரத்தின் விளிம்பில் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. காற்று வரும், வெளிச்சம் வரும், காய்கறி மட்டும் வராது. கீழ்த்தளத்தில் ஒரே ஒரு கடை. அதன் அலமாரிகளில் சிப்ஸ், பிஸ்கெட், குளிர்பானம், உடனடி நூடுல்ஸ் எல்லாம் வண்ண வண்ணப் பொட்டலங்களாய்ப் படைவீரர்களைப் போல அணிவகுத்து நிற்கும். ஒரு தக்காளி வேண்டுமென்றால் இரண்டு பேருந்து மாறிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். ஞாயிறு காலையில் அந்தத் தடம் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்தப் பயணத்தை என்னவென்று சொல்வேன். போகும்போது நான் பையைத் தூக்கிப் போவேன். வரும்போது பை என்னை இழுத்து வரும். ஒருமுறை பூசணிக்காய்க்கு இருக்கை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, பூசணியைத் தம் மடியில் வைத்துக்கொள்ள முன்வந்தார். என்னை யாரும் மடியில் வைத்துக்கொள்ள முன்வரவில்லை.

இந்நிலையில்தான் எதிர்வீட்டு வெல்டரின் மனைவிக்கு இரத்தம் குறைவு என்று தெரியவந்தது.

அவள் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். கிளினிக்கில் சோதித்துப் பார்த்த நர்ஸ் மாத்திரை கொடுத்ததோடு, கீரை, பயறு, முட்டை, பழம் ஆகியவற்றையும் அன்றாடம் உண்ண வேண்டுமென்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். அடுத்த சோதனைக்குள் இரத்தம் ஏறாவிட்டால், நகரத்தின் மறுகோடியிலுள்ள பெரிய மருத்துவமனையில் பிரசவம் வரை படுக்க வேண்டியிருக்கும். மூத்தது பெண்குழந்தை; அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்காது. வெல்டருக்கோ மாறி மாறி ஷிப்ட். பிள்ளையை யார் பார்ப்பது என்ற கவலையே அந்தப் பெண்ணின் மிச்ச இரத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் அவளைக் கண்டபோது என் கடமையைச் செய்தேன். இரும்புச்சத்தின் மாண்பை விளக்கினேன். கீரையோடு எலுமிச்சை பிழிந்துண்டால் சத்து நன்றாக உடலில் சேரும் என்றேன். சாப்பிட்ட கையோடு தேநீர் பருகலாகாது என்றேன். கைப்பிடியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்கண்ணா" என்றாள். மறுநாள் கையில் பிஸ்கெட்டோடு நின்றாள். நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். மக்களின் அறியாமைக்கு எல்லையே இல்லையா என்று வருந்தினேன்.

என் மனைவி வருந்தவில்லை. எங்கள் பையிலிருந்து ஒரு கீரைக்கட்டை எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் என்னைப் பார்த்து, அடுத்த ஞாயிறு முதல் எதிர்வீட்டுக்கும் சேர்த்து வாங்கி வாருங்கள் என்று சொல்லி, இரண்டாவது பை ஒன்றை ஆணியில் மாட்டினாள்.

அந்தப் பையைப் பார்த்தேன். என் நெஞ்சு நெகிழ்ந்தது உண்மை. ஆனால் என் தோள் நெகிழவில்லை. நெஞ்சும் தோளும் ஓருடலில் இருந்தாலும் ஒரே கட்சியில் இருப்பதில்லை.

அப்போது உதித்தது அந்த மகத்தான திட்டம். பொதுச்சேவை என்னும் கேடயத்தை எடுத்துக்கொண்டால், மார்க்கெட் பை என்னும் அம்பு என்ன செய்யும்? அன்று மாலை, அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மெல்லத் தொடங்கினேன்.

"ஏம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம பில்டிங்ல ஒரு கூட்டம் போடலாம்னு இருக்கேன். சத்தான சாப்பாட்டைப் பத்தி யாருக்கும் எதுவுமே தெரியல."

"எத்தனை மணிக்கு?"

"காலையிலதான். அப்பத்தானே எல்லாரும் வீட்ல இருப்பாங்க."

"அது நீங்க மார்க்கெட்டுக்குப் போற நேரமாச்சே."

"என்ன பண்றது. ஊருக்கு உழைக்கிறதுன்னு வந்துட்டா சொந்த சந்தோஷத்தைப் பாக்க முடியுமா?"

"மார்க்கெட்டுக்குப் போறது உங்களுக்கு சந்தோஷமா?"

"பின்ன?"

"சரி, ஒரு வாரம்தானே."

"ஒரே வாரத்துல அறிவு வந்துடுமா? இது தொடர் சொற்பொழிவு. வாராவாரம்."

கத்தி நின்றது. அவள் என்னை ஒருகணம் பார்த்தாள். பிறகு மீண்டும் நறுக்கத் தொடங்கினாள்.

"நல்ல காரியம்ங்க. பண்ணுங்க. ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு."

இந்த இடத்தில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். திருமணமான நாள்முதல் நான் சொன்ன எதையும் அவள் முதல்முறையில் ஒப்புக்கொண்டதில்லை. மழை பெய்கிறதென்று சொன்னால்கூடச் சன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆமோதிப்பாள். ஆனால் வெற்றி என்பது ஒருவகை மயக்கமருந்து. அது ஏறிவிட்டால் அறுவைசிகிச்சை நடப்பதே தெரிவதில்லை.

ஞாயிறு வந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தோம். என் வாழ்நாளில் அப்படியொரு கூட்டத்தை நான் கண்டதில்லை. வழக்கமாக என் சொற்பொழிவுக்கு வருபவர்கள், மின்விசிறிக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருபவர்கள். அன்றோ எல்லா மாடிகளும் இறங்கி வந்திருந்தன. வெல்டர் வந்தார், அவர் மனைவி முன்வரிசையில் சாய்ந்து அமர்ந்தாள். கடைக்காரர் தம் கடைவாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒன்று மட்டும் புரியவில்லை. எல்லோர் கையிலும் ஒரு பை இருந்தது. துணிப்பை, நைலான் பை, சாக்குப்பை, பள்ளிக்கூடப் பைகூட இருந்தது. அறிவை அள்ளிக்கொண்டு போக ஆயத்தமாக வந்திருக்கிறார்கள் போலும் என்று மகிழ்ந்தேன்.

பேச்சை ஓர் உவமைக் கதையோடு தொடங்கினேன். ஒருவன் ஒரு குதிரை வளர்த்தான். புல்லுக்குச் செலவழிக்க மனமின்றி, லாயத்துச் சுவரில் பசும்புல்லைத் தத்ரூபமாக வரைந்து வைத்தான். குதிரை அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தது. பார்த்துப் பார்த்தே மெலிந்தது. "அன்பர்களே, பொட்டலத்தின் மேலே பழத்தின் படம் இருக்கிறது, உள்ளே பழம் இருக்கிறதா? படத்தைத் தின்று வாழ முடியுமா? அந்தக் குதிரையைப் போல ஏமாறலாமா?" என்று முழங்கினேன். முழங்கிய கையோடு தகரப்பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு காயாக எடுத்து மேசையில் அடுக்கினேன்.

கூட்டம் எழுந்து நின்றது. பைகள் விரிந்தன. முதலில் வந்த வெல்டர் கேரட்டைக் கையில் எடுத்தார். எடை பார்த்தார். விரலால் தட்டினார்.

"சார், டொக்கு டொக்குன்னு சத்தம் வருது."

"தட்டாதீங்க, பெயின்ட் போயிடும்."

கடைக்காரர் முக்காலியை விட்டு எழுந்துவந்து சுரைக்காயைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "ஏட்டுச் சுரைக்காய்னு காதால கேட்டிருக்கேன். கண்ணால இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

சிரிப்பு எழுந்தது. அலைபோல எழுந்து, என் தலைக்கு மேலே ஏறி, மூன்றாம் மாடி வரை போயிற்று. பைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. கூட்டத்தின் கடைசியில் நின்ற என் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெல்டரின் மனைவி மெல்ல எழுந்து நின்றிருந்தாள். சிரிப்பு தானாக அடங்கியது.

"அண்ணா, நீங்க மாடிப்படியில சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. கீரை, எலுமிச்சை, டீ குடிக்கக்கூடாதுன்னது, எல்லாம். தெரியாம நான் சாப்பிடாம இல்லண்ணா. கிடைக்காமத்தான் சாப்பிடல. ரெண்டு பஸ் ஏறி இறங்க எனக்கு மூச்சு வாங்குது. அவருக்கு ஷிப்ட். கீழ கடையில பிஸ்கெட் இருக்கு. பசிக்குது, பிஸ்கெட்டைத் திங்கிறேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

அன்பரே, எத்தனையோ மேடை கண்டவன் நான். என் சொற்பொழிவுகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, அந்தப் பெண்ணின் சொற்களை மறுதட்டில் வைத்தால், என் தட்டு பஞ்சுப்பொதிபோல மேலே பறந்துவிடும். பசித்தவனிடம் பசியின் இலக்கணத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். லாயத்துச் சுவரில் புல்லை வரைந்தவன் வேறு யாருமல்லன். அவன் மேசைக்குப் பின்னால் பிளாஸ்டர் கீரைக்கட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

ஆனால் மேடையேறியவன் எளிதில் மனந்திரும்பிவிட மாட்டான். பழியைக் கைமாற்ற ஓர் ஆளைத் தேடுவான். நான் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை குடும்பங்கள் இருக்கும் இடத்தில் காய்கறி வைக்காமல் பொட்டலம் விற்கலாமா என்று அறத்தின் பெயரால் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒருமுறை தக்காளி வாங்கி வைத்ததாகவும், வைத்தது யாருக்கும் தெரியாததால் ஒருவரும் வாங்கவில்லை என்றும், அந்த வாரம் முழுதும் தம் வீட்டில் காலை, பகல், இரவு மூன்றுவேளையும் தக்காளியே ஆயிற்றென்றும் சொன்னார். கடையைப் பூட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போகவும் அவருக்கு வழியில்லை. "பொட்டலம் என்னைவிட அதிக நாள் உசுரோட இருக்கும் சார். காய் அப்படியில்ல. யாராவது கொண்டுவந்து கொடுத்து, வாங்குறதுக்கு ஆளும் இருந்தா, எனக்கென்ன வேண்டுதலா வைக்கமாட்டேன்னு" என்றார்.

பேச்சாளனுக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்குமா? குரலை உயர்த்தினேன். "கேட்டீர்களா? உண்ண மனமிருக்கிறது, விற்க இடமிருக்கிறது. நடுவே ஒரே ஒரு பாலம்தான் இல்லை. வாரந்தோறும் மார்க்கெட்டுக்குப் போய்வர ஒருவர், ஒரே ஒருவர் முன்வந்தால், இந்தக் குடியிருப்பின் விதியே மாறிவிடும். அந்த ஒருவர் யார்?"

மேடைக்கேள்விகள் விடைக்காகக் கேட்கப்படுவதில்லை. அவை காற்றில் தொங்குவதற்காகக் கேட்கப்படுபவை. கைத்தட்டல் வரும்வரை தொங்கிவிட்டு, பிறகு கரைந்துபோக வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி கரைவதற்குள் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க டிப்போவுல ஒரு வழக்கம் இருக்கு" என்றாள் என் மனைவி. எல்லோரும் திரும்பினார்கள். "இந்தத் தடத்துல ஒரு வண்டி விட்டா நல்லா இருக்கும்னு எந்த டிரைவர் முதல்ல வாயைத் திறக்கிறாரோ, அவர் பேரைத்தான் அந்தத் தடத்துக்குப் போடுவோம். ஏன்னா, அக்கறை இருக்கிற ஆளு அவர்தானே."

கூட்டம் என் பக்கம் திரும்பியது.

"அதோட, இவருக்கு வழி தெரியும். எந்தக் கடையில கீரை நல்லா இருக்கும்னு தெரியும். பூசணிக்காய்க்கு சீட் பிடிக்கவும் தெரியும். மார்க்கெட்டுக்குப் போறது தனக்கு சந்தோஷம்னு போன வாரம்தான் என்கிட்ட சொன்னாரு."

கைத்தட்டல் எழுந்தது. என் பேச்சுக்கு ஒருநாளும் எழாத கைத்தட்டல். ஒவ்வொருவராக வந்து என்னை வாழ்த்திவிட்டுத் தங்கள் பையை மேசைமேல் வைத்தார்கள். பெரிய குடும்பம் பெரிய பையும், சிறிய குடும்பம் சிறிய பையும் வைத்தது. பிளாஸ்டர் காய்கள் பைகளுக்கடியில் மறைந்தன. வெல்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சார், சுமக்க வேண்டாம், நான் வண்டி ஒன்று அடித்துத் தருகிறேன் என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. அதனால் என் கண்ணில் இருந்த நீரும் நன்றிக்கண்ணீர் என்றே எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

கழுத்தில் பைகளோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"பையை எடுத்துட்டு வரச்சொன்னது நீதானா?"

"ஆமா."

"எதுக்கு?"

"காய்க்குத்தான். வேற எதுக்குங்க? உங்க பேச்சைக் கட்டி எடுத்துட்டுப் போகவா?"

தோற்றவன் திருந்துவான் என்பது நீதிநூல். தோற்றவன் இன்னொரு திட்டம் போடுவான் என்பது இல்லறம். அடுத்த ஞாயிறு, பேருந்திலும் ஏற்றும்படி வெல்டர் அடித்துக்கொடுத்த இரும்புவண்டியை உருட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகும்போது, என் உள்ளத்தில் புதுத்திட்டம் ஒன்று முளைவிட்டிருந்தது. வேலையைக் கெடுத்துச் செய்பவனுக்கு வேலை கொடுப்பார்களா? வண்டி நிறைய ஒரே காயை வாங்கிக்கொண்டு போவது, மார்க்கெட்டில் வேறெதுவும் இல்லை என்று கையை விரிப்பது. இவன் எதற்கும் லாயக்கில்லை என்று அவர்களே என்னை விலக்கிவிடுவார்கள்.

அப்படியே செய்தேன். மஞ்சள் பூசணி வாங்கினேன். பூசணிமேல் பூசணியாக அடுக்கினேன். ஆனால் திரும்பும் வழியில் கீரைக்கடை ஒன்று குறுக்கிட்டது. அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கைப்பிடியைப் பிடித்து மூச்சுவாங்கி நின்ற அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. திட்டம் திட்டம்தான், இருந்தாலும் கர்ப்பிணிமேல் திட்டம் போடலாமா? இரண்டு கட்டுக் கீரை, கொஞ்சம் பயறு, நான்கைந்து எலுமிச்சை வாங்கி, பூசணிகளுக்கடியில் யாருக்கும் தெரியாமல் செருகிவைத்தேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் காத்திருந்தது. பூசணிமலையைக் கண்டதும் விரிந்த பைகள் பாதியில் நின்றன. மார்க்கெட்டில் வேறெதுவுமே இல்லை என்று கையை விரித்தேன். முதல் முணுமுணுப்பு எழுந்தது. ஆகா, பதவி பறிபோகிறது என்று உள்ளூரக் குளிர்ந்தேன். அதற்குள் என் மனைவி ஒரு பலகையும் கத்தியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நல்லதாப் போச்சு. பூசணியும் இருக்கு, பேசுறதுக்கு ஆளும் இருக்கு. இதை வெச்சு என்னென்ன பண்ணலாம்னு சொல்லுங்க. இது பிளாஸ்டர் இல்ல, தைரியமா வெட்டலாம்."

வேறு வழியின்றி வெட்டினேன். அன்பரே, உண்மையைச் சொல்கிறேன். கூட்டத்தின் முன்னால் நிஜக்காய் ஒன்றை வெட்டியது அதுவே முதல்முறை. உள்ளிருந்து அந்த ஆரஞ்சு நிறம் விரிந்தபோது முன்வரிசை சற்றே குனிந்து பார்த்தது. இந்த நிறம்தான் கண்ணுக்குக் காவல் என்றேன். விதையை எறிய வேண்டாம், கழுவிக் காயவைத்து வறுத்தால் சிப்ஸைவிட மொறுமொறுப்பு, இரும்புச்சத்தும் உண்டு என்றேன். இளந்தோலைச் சீவாமலே வேகவைக்கலாம் என்றேன். பிளாஸ்டர் பூசணியிடம் யாரும் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. நிஜப்பூசணியிடம் கேள்விகள் குவிந்தன. பல்லில்லாதவர் எப்படித் தின்பது என்று ஒருவர் கேட்டார். குழந்தை துப்பினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்து அங்கேயே விதையை வறுத்தார். வாசனை மாடியேறிப் போய், இறங்கிவராமல் இருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு வந்தது. பூசணிமலை கரைந்து சமவெளியாயிற்று.

கூட்டம் கலைந்தபின், யாரும் பார்க்காத நேரம் பார்த்து, வெல்டரின் மனைவியிடம் கீரையையும் பயற்றையும் எலுமிச்சையையும் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. என் மனைவியைத் தவிர.

"மார்க்கெட்ல பூசணியைத் தவிர ஒண்ணுமே இல்லைன்னீங்களே."

"ஆமா."

"அப்ப இந்தக் கீரை எங்க முளைச்சுது? வண்டியிலயேவா?"

நான் தரையைப் பார்த்தேன். தரையும் என்னைப் பார்த்தது. திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த பூசணி நாரைத் தட்டிவிட்டாள்.

"கெட்டவனா நடிக்கக்கூட உங்களுக்கு ஒழுங்காத் தெரியலைங்க" என்றாள்.

அதன்பின் நான் எதிர்க்கவில்லை. ஞாயிறுதோறும் வண்டியை உருட்டினேன். கடைக்காரர் பொட்டலப் படையை ஒருபக்கம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, வாசலோரம் கூடைகள் வைத்தார். பைகள் நிறைந்தன. பலகையும் கத்தியும் என் மேடையாயின. அந்த வாரம் எந்தக் காய் வந்ததோ, அதைப் பற்றி மட்டும் பேசினேன். பேச்சு சுருங்கச் சுருங்கக் கூட்டம் பெருகியது. வெல்டரின் மனைவி கீரையும் பயறும் முட்டையும் உண்டாள்; மாத்திரையையும் விடவில்லை. பிஸ்கெட்டைக் கையிலெடுக்கும்போது மாடியிலிருந்து யாராவது ஒருவர் இருமுவது வழக்கமாயிற்று.

சோதனை நாள் வந்தது. அன்று அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. மாலையில் திரும்பும்போது கடைவாசலில் சின்னக் கூட்டம். நடுவே அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் மூத்தவள். இரத்தம் ஏறியிருக்கிறதாம். மருத்துவமனையில் படுக்க வேண்டாமாம். இப்படியே உண்டுவந்தால் போதும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாராம். "நான் வீட்லயே இருக்கலாமாம்ண்ணா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். வெல்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்திலிருந்து ஏற்கெனவே எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அன்றிரவு உணவு முடிந்ததும், நன்றியுள்ள ஊர் தன் வீரனுக்கு ஓய்வளிப்பது மரபு என்ற பொருள்பட மனைவியிடம் பேச்செடுத்தேன். எடுத்த காரியம் முடிந்தது. என் முதுகும் முடிந்தது. இனி வேறொருவர் அந்தத் தடத்தில் ஓடலாமே என்றேன். அவள் மறுக்கவில்லை. கனிவோடு கேட்டுக்கொண்டாள். எனக்கு வெந்நீர் ஒத்தடம்கூடக் கொடுத்தாள்.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதாங்க? ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகக்கூடாதுன்னுதானே நீங்க அந்தக் கூட்டத்தையே போட்டீங்க."

"உனக்குத் தெரியுமா?"

"பீன்ஸ் நறுக்கும்போதே தெரியும். பாவம், எவ்வளவு பாடுபட்டுட்டீங்க. இனிமே ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு."

என் செவியை என்னால் நம்ப முடியவில்லை. ஒத்தடத் துணியோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இல்லறத்தின் இனிமையைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசவும் ஆரம்பித்தேன்.

"ஒரு வாரம் வெச்சா கீரை வாடிப்போகுதுங்க, கடைக்காரரும் சொன்னாரு. அதனால இனிமே செவ்வாயும் வெள்ளியும் ஆபீசுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க. அந்த நேரத்துல பஸ்ல கூட்டமும் இருக்காது. வண்டி நேரமெல்லாம் பாத்து வெச்சுட்டேன்."

நான் கேட்டது முழுமையாகக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போவதில்லை.

ஆகவே அன்பரே, படித்து முடித்துப் புன்னகைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். எழுந்திருங்கள். உங்கள் எதிர்வீட்டுக் கதவை இன்றே தட்டுங்கள். எதை உண்ண வேண்டுமென்று தெரியுமா என்று கேட்காதீர்கள். அது அவர்களுக்குத் தெரியும். எது கிடைக்கவில்லை என்று கேளுங்கள். உங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் ஒரே ஒரு கூடைக்கு இடம் கேளுங்கள். வாங்குவதற்கு நாங்கள் இருக்கிறோம் என்று நாலு பேராகப் போய்ச் சொல்லுங்கள். நாளை என்று தள்ளிப்போடாதீர்கள். கீரை காத்திருக்காது, வயிற்றிலிருக்கும் பிள்ளையும் காத்திருக்காது. உங்களுக்கு மனைவி இருந்தால், அவரிடம் இதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றாமல் நேரே போய்ச் செய்துவிடுங்கள். அது உங்கள் முதுகுக்கு நல்லது. அதுவும் முடியாதென்றால், இன்று வெள்ளிக்கிழமை, பேருந்துக்கு நேரமாயிற்று, இந்த வண்டிக்கு இரண்டு கைப்பிடி. ஒன்றைத்தான் நான் பிடித்திருக்கிறேன். ஓடி வாருங்கள்.